மிதிக்க வேண்டிய இடம்

இடது கை முதலில் கிளம்பிவிட்டது. எப்சிபாவுக்கு எப்போதும் அப்படித்தான், மனசு வேறெங்கோ நின்றுகொண்டிருக்கும், இடது கை தன்பாட்டுக்கு வேலைக்குப் போய்விடும், கீழே ஒரு கட்டை, மேலே ஒரு கொத்து, கீழே ஒரு கட்டை, மேலே ஒரு கொத்து, விடிந்ததும் தோட்டத்துக்குப் போகிற ஆட்களின் நடை மாதிரி பிசகாத நடை. வலது கை இன்னும் மடியிலேயே கிடந்தது. அவள் பியானோவின் முன்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புப் பாலிஷ் போட்ட பலகை. குன்னூரில் இந்த ஓட்டலில் எதைத் துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் அதைத் தினம் துடைத்துவிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஹால் முழுவதும் அதில் மங்கலாக விழும், நாலு மணி டீக்கு வந்து உட்கார்ந்தவர்கள், ஜன்னலை மூடிக்கொண்ட பனி மஞ்சு, தூணோரம் பலகைத் தரையில் விரித்த பழைய பெட்ஷீட், அதில் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அமுதாக்கா, அமுதாக்காவுக்கு முன்னால் கரண்டியும் கையுமாக எப்சிபாவின் மகன் ஜெரின். மற்ற நாளில் துணி வைக்கிற அறையில்தான் பிள்ளையை வைத்திருப்பார்கள். இன்றைக்கு அங்கே பெயிண்ட் அடிக்கிறார்கள். "பெயிண்ட் வாசத்துல பச்சப்புள்ள கிடக்குமா, நான் தூணுக்குப் பின்னாடி உக்காந்துக்கறேன், உங்க கெஸ்ட்டு கண்ணுல படமாட்டோம்" என்று அமுதாக்காவே மேனேஜரிடம் பேசிவிட்டாள். எப்சிபாவாக இருந்தால் கேட்டிருக்க மாட்டாள். வாயைத் திறந்து ஒன்று கேட்பதற்குள் அவளுக்குக் காது மடல் சூடாகிவிடும். முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டிச் செய்கிற வேலை என்பதால்தான் இந்த வேலைக்கே சம்மதித்தாள். ஆனால் இன்றைக்கு அவன் இங்கே இருக்கிறான், அவளுக்குப் பின்னால், அவளைப் பார்க்காமல், அவள் வாசிக்கிற அதே ஹாலில். திரும்புகிறானா பார்க்கலாம். அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கோயமுத்தூரில் அவன் காதை மிஷின் வைத்துப் பார்க்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் அவளுக்கே தெரிந்துவிட்டால். தெரியாமலே இருந்துவிட்டாலும். வலது கையை எடுத்துக் கட்டையின் மேல் வைத்தாள்.

வலது கை இந்தப் பாட்டுகளில் நேராக நடக்காது. இடது கை ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்க, வலது கை கொஞ்சம் முந்தி விழும், கொஞ்சம் பிந்தி விழும், விழ வேண்டிய இடத்தில் மட்டும் விழாது. முதலில் ராக் டைம் என்று கேட்டபோது ராகம் என்றுதான் நினைத்தாள். ரிசப்ஷனில் இருக்கிற தாரணிதான் சொன்னாள், ராகமும் இல்லை ஒன்றும் இல்லை அக்கா, ராக் என்றால் கந்தல் துணி, தாளம் கிழிஞ்சு கிழிஞ்சு வருதில்ல, அதான். நூறு வருசத்துக்கு முந்தி அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் வாசித்ததாம், அடிமையாகக் கிடந்தவர்களுடைய பிள்ளைகள். கந்தல். அன்று வீட்டுக்குப் போய் ஜெரினுக்கு இடுப்புத் துணிக்காகப் பழைய புடவையைக் கிழிக்கும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டாள், சர்ரென்று நேராகப் போய் ஒரு முடிச்சில் சிக்கி நின்று மறுபடி சர்ரென்று போகும், அப்படித்தான் இருக்கிறது என்று பட்டது. பாட்டெல்லாம் இந்தப் பியானோவின் ஸ்டூலுக்குள்ளேதான் கிடந்தன, மூடியைத் தூக்கினால் மஞ்சளான காகிதக் கட்டு, எந்த வெள்ளைக்காரத் துரை போட்டுவிட்டுப் போனானோ. எப்சிபா எட்டாவதோடு நின்றவள். அப்பா வேதக்கோவிலில் ஆர்கன் வாசித்தார், அதனால் கோட்டில் தொங்குகிற புள்ளிகளை அவள் தமிழைவிட வேகமாகப் படிப்பாள், மேலே இங்கிலீஷில் எழுதியிருப்பதுதான் வராது. இந்த முதல் பாட்டின் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்றும் தாரணிதான் படித்துச் சொன்னாள், வேகமாக வாசிக்காதே என்று எழுதியிருக்கிறதாம். எழுதியவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது எல்லாரும் வேகமாகத்தான் கேட்பார்கள் என்று. மெதுவாக வாசித்தால் இந்தப் பாட்டுக்குள்ளே ஒரு அழுகை இருக்கிறது. குதித்துக்கொண்டே போகிறவனுடைய முகத்தைப் பார்த்தால் அவன் சிரிக்கவில்லை என்று தெரியும், அந்த மாதிரி. வயிறு பெருத்திருந்த மாசங்களில் இதைத்தான் வாசித்தாள். வயிறு போய்க் கட்டைக்குக் கீழே இருக்கிற பலகையில் முட்டும், இடது கை கனத்து இறங்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு உதை வரும். பாட்டுக் கேக்கறான், உங்க பையன் இப்பவே தாளம் போடறான் என்று ஆசீரிடம் சொல்லியிருக்கிறாள். ஆசீர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன், வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்து அவனுக்கே காது மந்தம், "நம்ம ஸ்டீரியோவை ஓரம் கட்டிருவான் போல" என்று வயிற்றில் கையை வைத்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போது எங்கே போனது. உதைத்தானே. கேட்காமலா உதைத்தான்.

பலகையில் பார்த்தாள். கரண்டியை வாயில் வைத்திருந்தான். திரும்பவில்லை. அமுதாக்கா அவன் மூக்கைத் துடைத்தாள். ஒருவேளை இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போயிருக்கும், பழகின சத்தத்துக்கு யார் திரும்புவார்கள், பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுகிறது, அதற்கு நாம் திரும்புகிறோமா. ஆனால் குக்கர். அந்தக் குக்கர் விசில். தொட்டிலுக்குப் பக்கத்திலேயே அடுப்பு, ஒற்றை அறை வீட்டில் வேறு எங்கே வைக்கிறது, விசில் அடித்தபோது அவளே துள்ளிப்போனாள், அவன் இமைகூட அசையவில்லை. நல்ல தூக்கக்காரன் என்றார்கள் எல்லாரும். கொடுத்துவைத்தவள், என் பிள்ளையெல்லாம் இலை விழுந்தால் எழும்பும் என்றாள் மேல்வீட்டுக்காரி. அன்றைக்கு அவளும் பெருமையாகத்தான் இருந்தாள். பிறகு முழித்திருக்கும்போதும் விசில் அடித்தது. அதை அவள் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று இருந்தது, சொல்லாமல் வைத்திருந்தால் நாளைக்கே சரியாகிவிடும் ஒரு சின்னச் சளி மாதிரி இருந்தது. ப்பா ப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தவன் இப்போது அதையும் விட்டுவிட்டான். கடைசியில் அவள் சொன்னபோது, கோயமுத்தூருக்குக் கூட்டிப்போகச் சம்மதித்தானே ஒழிய, ஆசீர் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறான். "கதவைச் சாத்தினா திரும்பறான்ல? அப்புறம் என்ன? ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசும், எங்கம்மாவைக் கேளு." அவன் அம்மா, "எங்க பக்கத்துல அப்படி யாருமில்லம்மா" என்றாள், அந்த எங்க பக்கத்துல என்கிற வார்த்தை எப்சிபாவின் வீட்டுப் பக்கமாக விரலை நீட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. கதவைச் சாத்தினால் திரும்புகிறான், அது நிஜம். அதைத்தான் அவளும் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். குக்கருக்குத் திரும்பாதவன் கதவுக்குத் திரும்புகிறான். கதவுக்குத் திரும்புகிறவன் அம்மா கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்கிறான். இடது கை போய்க்கொண்டே இருந்தது.

"அப்பா, இது என்ன மியூசிக்?" பக்கத்து மேஜையில் ஒரு பெண் பிள்ளை கேட்டாள், பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும், சென்னையிலிருந்து வந்த குடும்பம். "இது தெரியலையா? ஊமைப்படத்துல வருமே, ஒருத்தன் ஓடுவான், வாழைப்பழத் தோல்ல வழுக்கி விழுவான், போலீஸ்காரன் துரத்துவான், அந்த மியூசிக்கு" என்றார் அப்பா. பிள்ளை களுக்கென்று சிரித்தது. "செமையா இருக்குப்பா, இன்னும் ஸ்பீடா வாசிக்கச் சொல்லேன்." அம்மாக்காரி போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க ஆரம்பித்தாள். ஊமைப்படம். எப்சிபாவின் வலது கை ஒரு கட்டை தவறி விழுந்தது, இந்தப் பாட்டில் எப்படி விழுந்தாலும் கந்தலில் சேர்ந்துவிடும், யாருக்கும் தெரியவில்லை. ஊமைப்படம். அவர்கள் என்ன கண்டார்கள், அது ஒரு பேர், எல்லாரும் சொல்கிற பேர், அதில் ஒன்றும் இல்லை. கறுப்பு வெள்ளையில் வாயை வாயைத் திறப்பார்கள், ஒன்றும் கேட்காது. அவர்களுக்குக் கேட்கவில்லையா, நமக்குத்தான் கேட்கவில்லையா. ஜெரினுக்கு இந்த ஹால் இப்போது எப்படி இருக்கும். அவள் தோள் ஆடுவது தெரியும், கை போய்ப் போய் வருவது தெரியும், ஜனங்கள் வாயைத் திறந்து சிரிப்பது தெரியும். ஒன்றுமே கேட்காத ஒரு படத்துக்குள்ளே உட்கார்ந்து கரண்டியைச் சப்பிக்கொண்டிருக்கிறானா. சீ, என்ன நினைப்பு இது. பெற்றவளே இப்படி நினைத்தால். காது கேட்காத பிள்ளைக்குப் பேச்சும் வராது என்று எங்கேயோ கேட்டிருக்கிறாள், ஒன்று போனால் இன்னொன்றும் சேர்ந்து போகும் என்று. அந்த இரண்டு வார்த்தையும் அவள் நாக்கில் ஒரு நாளும் வந்ததில்லை, இப்போது ஒன்று வாழைப்பழத் தோலில் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. மேனேஜர் பக்கத்தில் வந்து குனிந்தார். "எப்சி, கொஞ்சம் ஸ்பீடு ஏத்தும்மா. கெஸ்ட் கேக்கறாங்க. பிரேயர் மீட்டிங் மாதிரி இருக்கு." அவள் தலையாட்டினாள். வேகமாக வாசிக்காதே என்று எழுதியவனிடம் மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேகத்தைக் கூட்டினாள். அழுகை போய்விட்டது. ஹாலில் யாரோ தாளம் போட்டார்கள். பாட்டை அப்படியே முடித்துக் காகிதத்தைப் புரட்டினாள்.

அடுத்த பாட்டு, நடுவில் நின்று நின்று போகிறது. இரண்டு கையும் ஓடிவந்து சட்டென்று நின்றுவிடும், ஒரு இடைவெளி, மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். அந்த இடைவெளிக்கு மேலே எல்லாம் ஒரே வார்த்தை அச்சடித்திருக்கும், எழுத்துக் கூட்டிப் படித்தால் ஸ்டாம்ப். அவள் அதைத் தபால் ஸ்டாம்ப் என்றுதான் நினைத்திருந்தாள். ரசீதில் ஒட்டுகிற மாதிரி, ரேஷன் கார்டில் குத்துகிற மாதிரி, விற்றவன் ஏதோ முத்திரை வைக்கிறதுக்கு விட்ட இடம் என்று. நேற்றுப் பேச்சுவாக்கில் அதைச் சொன்னதும் தாரணி போனை வைத்துவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். "அக்கா, அது போஸ்ட் ஆபீஸ் ஸ்டாம்ப் இல்லக்கா. ஸ்டாம்ப்னா காலால ஓங்கி மிதிக்கறது. தொம்முனு. அந்த இடத்துல மியூசிக்குக்குப் பதிலா உங்க காலு." எப்சிபா வெட்கத்தில் சுருங்கிப் போனாள். "அப்ப இத்தனை நாளா அந்த இடத்துல என்னதான் பண்ணீங்க?" "சும்மா இருந்தேன்." அதற்கும் தாரணி சிரித்தாள். சும்மாதான் இருந்தாள், வீட்டில் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு மேஜை விளிம்பில் விரலால் வாசித்துப் பழகும்போதும், இங்கே கூட்டத்துக்கு முன்னால் வாசிக்கும்போதும், அந்த இடம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவளுக்கு அந்தச் சும்மா பிடித்தும் இருந்தது. நாலு பேர் முன்னால் காலைத் தூக்கி மிதிக்கிறதாவது, பொம்பிளை. ஆனால் எழுதியிருக்கிறதே, எழுதியிருப்பதை விட்டுவிட்டு வாசித்தால் அது பொய்யல்லவா என்று ராத்திரி நினைத்துக்கொண்டாள். ஓடிவந்து நின்றாள். ஓட்டலில் கொடுத்த கறுப்பு ஷூவைத் தூக்கிப் பலகைத் தரையில் ஓங்கி மிதித்தாள். தொம். கப்பும் சாசரும் கிணுகிணுத்தன. யாரோ "ஓ" என்றார்கள், சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் பற்றிக்கொண்டு எரிந்தது, பலகையைப் பார்த்தாள், ஜெரின் கரண்டியைக் கீழே போட்டிருந்தான். தலை நிமிர்ந்திருந்தது. மறுபடி ஓடி மறுபடி மிதித்தாள். தொம். திரும்பினான். திரும்பினான், கர்த்தாவே, என் பிள்ளை திரும்பினான். இன்னொரு தொம். இந்தப் பக்கமே பார்க்கிறான், வாய் திறந்திருக்கிறது, பல் தெரிகிறது, முளைத்த அந்த ஒற்றைப் பல். கேட்கிறது. கேட்காமல் எப்படித் திரும்புவான். இவ்வளவு நாள் நான்தான் பூனை மாதிரி வாசித்திருக்கிறேன், கோவிலில் வாசிக்கிறவள் கை, அடக்கி அடக்கி, சத்தமாக வாசித்திருந்தால் அன்றைக்கே திரும்பியிருப்பான். ஆசீர் சொன்னது சரி, அவன் அம்மா சொன்னதும் சரிதான், அவரவர் பக்கத்தில் அவரவர் இருக்கட்டும், நாளைக்குக் கோயமுத்தூர் போகவே வேண்டாம், அந்த வேனை எடுத்துக்கொண்டு மூன்று பேருமாகச் சிம்ஸ் பார்க்குக்குப் போகலாம்.

இந்தப் பாட்டுகளில் எந்தப் பகுதியையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். கோட்டின் கடைசியில் இரண்டு புள்ளி வைத்திருக்கும், திரும்பிப் போ என்று அர்த்தம். திரும்பிப் போனாள். சந்தோஷத்தில் கை தன்பாட்டுக்கு ஓடியது, இதுவரைக்கும் இவ்வளவு சத்தமாக அவள் வாசித்ததில்லை, பியானோவின் வயிற்றுக்குள்ளே கம்பிகள் அதிர்ந்தன, ஓடிவந்து நின்றாள். சும்மா இருந்தாள். பழக்கம். கால் மறந்துவிட்டது, பல நாள் சும்மா இருந்த கால்தானே. சரி, அடுத்ததில் மிதிக்கலாம் என்று ஓடினாள், கட்டையை உடைக்கிற மாதிரி அடித்தாள், பலகையைப் பார்த்தாள். ஜெரின் கரண்டியைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தான். நின்றாள். கால் எழவில்லை. இந்தத் தடவை மறதியில்லை. எழ வேண்டாம் என்று அவளுக்குள் ஏதோ காலைப் பிடித்துக்கொண்டது. இன்னும் ஓங்கி வாசித்தாள். மேஜையில் பேசிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். ஹாலில் எல்லாரும் இந்தப் பக்கம் பார்த்தார்கள். ஜெரின் மட்டும் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நின்றாள். அந்த இடைவெளியில் அந்தச் சென்னைப் பிள்ளை, ஆன்ட்டி மிதிக்க மறந்துட்டாங்க என்று நினைத்ததோ என்னவோ, தன் ஷூவால் தொம்மென்று மிதித்தது. ஜெரின் நிமிர்ந்தான். அடுத்த இடைவெளிக்கு அதன் அப்பாவும் சேர்ந்துகொண்டார். அடுத்ததற்கு அந்த மேஜை முழுவதும். தொம், தொம். ஜெரின் அவர்களைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான், முகமெல்லாம் சிரிப்பு, இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்து வைத்திருந்தான். தரையில். முதல் தடவையும் அவன் அப்படித்தான் செய்தான், தலை நிமிர்வதற்கு முன்னால் தரையைப் பார்த்தான், அவள்தான் அதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டாள். கதவைச் சாத்தினால் வீட்டுப் பலகைத் தரை அதிரும். குக்கர் விசில் அடித்தால் எது அதிரும். வயிற்றில் இருந்தபோது பியானோப் பலகை அதிர்ந்தது. உதைத்தான்.

கடைசிப் பகுதியில் நிற்கிற இடம் ஒன்றும் இல்லை, ஓட்டம்தான். அதை எப்படி வாசித்தாள் என்று அவளுக்கே தெரியாது. இடது கை அவளை இழுத்துக்கொண்டு போனது. அழக் கூடாது, முதுகு குலுங்கினால் தெரிந்துவிடும், போனில் வேறு பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மிஷினில் நாளைக்கு ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள், இங்கிலீஷில் ஒரு வார்த்தை எழுதுவார்கள், ஆசீர் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வளைவு வளைவாக ஏறி வருவான். அவனுக்கு எப்படிச் சொல்வது. பாட்டுக்கு உதைக்கவில்லைங்க, பலகைக்கு உதைத்தான் என்றா. அவள் இவ்வளவு நாள் பாடிய தாலாட்டெல்லாம் எங்கே போயிற்று, நெஞ்சோடு அணைத்துப் பாடினாளே, அப்போது முகத்தை அவள் மார்பில் அழுத்தி வைத்துக்கொள்வானே, அது எதற்கு. பாட்டு முடிந்தது. கை தட்டினார்கள், அந்தப் பிள்ளை எழுந்து நின்று தட்டியது. மேனேஜர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். "சூப்பர்மா. இந்தக் காலு மேட்டரை டெய்லி வெச்சுக்க." அமுதாக்கா பிள்ளையை விட்டுவிட்டு நாலெட்டில் ஓடிவந்து குனிந்து அவள் தோளைப் பிடித்தாள், முகம் பூரித்துப் போயிருந்தது. "பாத்தியாடி எப்சி? நீ மிதிச்ச மிதிக்குத் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பறான். காது கேக்கலைன்னு என்னமா அழுதே. நாளைக்கு எதுக்கு மெனக்கெட்டுக் கோயமுத்தூரு? வேன் வாடகைக்குப் போனா நாலு காசு வரும்." எப்சிபா அவள் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டச் சொல்வது. "ஆமாக்கா" என்றாள். "போய்ட்டு மட்டும் வந்துர்றோம்." அமுதாக்கா அவள் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். டீ ஊற்றுகிற சத்தம், ஸ்பூன் சத்தம், பேச்சு. யாரும் இப்போது பியானோவைப் பார்க்கவில்லை. எப்சிபா வாசிக்காமல் காலை மட்டும் தூக்கி மிதித்தாள், முன்னளவு இல்லை, அதில் பாதி. பலகையில் ஜெரின் தலை திரும்பியது. கண் தேடி வந்து அவள் முதுகில் நின்றது. அவள் காத்திருந்தாள், அவன் கரண்டிக்குத் திரும்புகிற வரைக்கும். அதைவிட மெதுவாக மிதித்தாள். திரும்பினான். நாளெல்லாம் ஓங்கி மிதித்து ஒரு பிள்ளையை வளர்க்க முடியாது, தூங்க வைக்க ஒரு மிதி வேண்டும், சாப்பிட வா என்பதற்கு ஒன்று, பயப்படாதே நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதற்கு ஒன்று. குதிகாலைத் தரையிலேயே வைத்துக்கொண்டு முன்பாதத்தை மட்டும் தூக்கி வைத்தாள். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் கனமாக வைத்தாள். கரண்டி நின்றது.